கருணைக்கு ஒரு முறைமை
ஈசுவர சந்திர வித்யாசாகரின் வாழ்க்கை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகள். கல்கத்தா நகரின் தெரு ஒன்றில் பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் பசியால் தள்ளாடியபடி நடந்துகொண்டிருந்தான். பெயர் டாகுர்தாஸ். தந்தை வீட்டைத் துறந்து தீர்த்த யாத்திரை சென்றுவிட்டார். தாய் துர்காதேவி ராட்டையில் நூல் நூற்று விற்றுப் பிள்ளைகளைக் காப்பாற்றி வந்தாள். ஏதேனும் வேலை கற்றுக்கொண்டு தாயின் சுமையைக் குறைக்க எண்ணியே அவன் நகரம் வந்திருந்தான். அவனுடைய சொத்து ஒரு பித்தளைத் தட்டும் ஒரு சிறு செம்பும்தான். அன்று தட்டை விற்றாவது சாப்பிடலாம் என்று பாத்திரக் கடைகளுக்குச் சென்றான். முன்பின் தெரியாத சிறுவனிடம் பொருள் வாங்கினால் பின்னர் வம்பு வரும் என்று அஞ்சி எந்த வியாபாரியும் அதை வாங்கவில்லை.

நடந்து நடந்து களைத்து, பொரி விற்கும் கடை ஒன்றின் முன் நின்றான் சிறுவன். கடையை நடத்தியவள் நடுவயதைக் கடந்த ஒரு கைம்பெண். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெறும் தண்ணீர் கொடுக்க மனமின்றி வெல்லப் பொரியைக் கொடுத்து உட்காரச் சொன்னாள். அவன் உண்ட வேகத்தைக் கண்டதும், காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பதைக் கேட்டறிந்தாள். உடனே அருகிலிருந்த பால்காரரிடம் தயிர் வாங்கி வந்து வயிறு நிரம்ப உண்ணச் செய்தாள். இனி என்று உணவு கிடைக்காவிட்டாலும் தயங்காமல் தன்னிடம் வந்துவிட வேண்டும் என்று உறுதியும் வாங்கிக்கொண்டாள்.

அந்தச் சிறுவனுக்குப் பிற்காலத்தில் பிறந்த மகனே ஈசுவர சந்திர வித்யாசாகர். தந்தை சொல்லக் கேட்ட இந்த நிகழ்ச்சியை அவர் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பொருள் உள்ளவர்கள் வாங்க மறுத்த இடத்தில், பொரி விற்றுப் பிழைத்த ஏழைப் பெண் கொடுத்தாள். கொடுத்ததுடன் நாளைக்கும் வழி சொன்னாள். வித்யாசாகரின் எழுபதாண்டு வாழ்க்கையை அந்தக் கடையின் முன்னிருந்து பார்த்தால் பல செய்திகள் விளங்கும்.

இளமையும் கல்வியும்

1820ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் வங்காளத்தின் பீர்சிங்க கிராமத்தில் ஈசுவர சந்திரர் பிறந்தார். இவ்வூர் இன்று மேற்கு வங்கத்தின் மேற்கு மேதினிபூர் மாவட்டத்தில் உள்ளது. தாய் பகவதி தேவி. டாகுர்தாஸ் மாதம் இரண்டு ரூபாய்ச் சம்பளத்தில் வேலையைத் தொடங்கிப் படிப்படியாக உயர்ந்திருந்தாலும், குடும்பத்தில் வறுமை நீங்கவில்லை.

எட்டு வயதில் தந்தையுடன் கல்கத்தாவுக்கு நடந்தே புறப்பட்டான் சிறுவன். வழியிலிருந்த மைல்கற்களைப் பார்த்தே ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டான். 1829இல் சமஸ்கிருதக் கல்லூரியில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் பயின்றான். தந்தைக்கும் தம்பியருக்கும் சமைத்துப் போட்டு, பாத்திரம் துலக்கி, எஞ்சிய நேரத்தில் படித்தான். இலக்கணம், இலக்கியம், அலங்காரம், வேதாந்தம், நியாயம், தரும சாத்திரம் ஆகிய அனைத்திலும் முதன்மை பெற்று, இருபது வயது நிறையுமுன் 'வித்யாசாகர்' என்னும் பட்டத்துக்கு உரியவரானார். கல்விக் கடல் என்பது அதன் பொருள். பின்னாளில் மக்கள் தாமாகவே அவருக்கு வழங்கிய பெயர் வேறு. தயையின் கடல் என்றே வங்க மக்கள் அவரை அழைத்தனர்.

1841இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் மாதம் 50 ரூபாய்ச் சம்பளத்தில் தலைமைப் பண்டிதரானார். 1851இல் சமஸ்கிருதக் கல்லூரியின் முதல்வர் ஆனார். அதுவரை பிராமணர், வைத்தியர் ஆகிய இரு பிரிவினருக்கு மட்டுமே திறந்திருந்த அக்கல்லூரியின் கதவை அவ்வாண்டே காயஸ்தர்களுக்கும், 1854இல் மதிப்புடைய ஏனைய இந்துக் குடும்பங்களுக்கும் திறந்துவிட்டார். இன்றைய அளவுகோலில் அந்தக் கதவு முழுவதும் திறந்துவிடவில்லை என்பது உண்மையே. ஆயினும், அரசுப் பொருளில் நடக்கும் கல்விச்சாலை ஒரு சிலரின் பரம்பரை உடைமை ஆகாது என்னும் கருத்து அங்கே வேரூன்றியது.

அரசின் கையும் தனிமனிதரின் கையும்

பெண்களுக்குக் கல்வி தர வேண்டும் என்பதில் வித்யாசாகர் உறுதியாக இருந்தார். பள்ளிகளின் ஆய்வாளர் பொறுப்பையும் ஏற்றிருந்த அவர், 1857 நவம்பர் முதல் 1858 மே வரையிலான ஏழு மாதங்களில் ஹூக்ளி, பர்த்வான், மேதினிபூர், நதியா ஆகிய நான்கு மாவட்டங்களில் 35 பெண்கள் பள்ளிகளைத் திறந்தார். சுமார் 1,300 சிறுமியர் அவற்றில் சேர்ந்தனர். அரசு மானியம் வரும் என்னும் நம்பிக்கையில் ஆசிரியர்களையும் அமர்த்திவிட்டார்.

மானியம் வரவில்லை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியால் ஏற்பட்ட பொருள் நெருக்கடியை அரசு காரணம் காட்டியது. நீண்ட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு ஆசிரியர்களின் சம்பள பாக்கியைத் தர இசைந்ததே தவிர, பள்ளிகளுக்கு நிலையான உதவி வழங்க மறுத்துவிட்டது. வித்யாசாகர் பள்ளிகளை மூடிவிடவில்லை. நன்கொடையாளர்களைத் திரட்டி ஒரு நிதி அமைத்து, தம் பணத்தையும் இட்டு, இயன்ற வரை அவற்றை நடத்தினார். அவ்வாண்டின் இறுதியில் மாதம் 500 ரூபாய்ச் சம்பளம் தந்த பதவியையும் துறந்தார்.

பொதுநலத்துக்கு அரசு கைகொடுக்க வேண்டிய இடத்தில் அது கையை இழுத்துக்கொண்டால், அந்தச் சுமை நல்ல உள்ளம் படைத்த சிலரின் தோள்மேல் விழுகிறது. எத்துணை வலிய தோளாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. இந்த உண்மையை வித்யாசாகர் தம் வாழ்க்கை முழுவதும் அனுபவித்தார்.

பதவியைத் துறந்த பின் அவருடைய வருவாய் நூல்களிலிருந்தும் அச்சகத்திலிருந்தும் வந்தது. 1855இல் வெளிவந்த 'வர்ண பரிசயம்' என்னும் வங்க அரிச்சுவடி வீடுதோறும் சென்றது. நூல்கள் அவருக்குப் பெரும்பொருள் ஈட்டித் தந்தன. அவரோ முரட்டு வேட்டியும் மேலாடையும் செருப்பும் மட்டுமே அணிந்து எளிமையாக வாழ்ந்தார். வந்த பொருள் ஏழை மாணவருக்கும், ஆதரவற்ற குடும்பங்களுக்கும், கைம்பெண்களுக்கும் மாதந்தோறும் போய்ச் சேர்ந்தது.

கைம்பெண்களின் பொருட்டு

கைம்பெண் மறுமணத்துக்குச் சாத்திர ஆதாரம் காட்டி அவர் நடத்திய போராட்டத்தின் பயனாக 1856 ஜூலையில் மறுமணச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பர் 7ஆம் நாள் அச்சட்டப்படி முதல் திருமணம் கல்கத்தாவில் நடந்தது. சட்டம் வந்தவுடன் சமுதாயம் மாறிவிடவில்லை. மறுமணம் செய்துகொண்டவர்கள் ஊராலும் உறவாலும் ஒதுக்கப்பட்டனர். திருமணச் செலவும் அதன் பின்னர் குடும்பம் நடத்தும் செலவும் வித்யாசாகரின் பொறுப்பாயின. பொருள் தருவதாகக் கையெழுத்திட்டுக் கொடுத்த செல்வர் பலர் வாக்குத் தவறினர். ஏறத்தாழ 60 திருமணங்களுக்கு 82,000 ரூபாய் செலவானது என்று அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். அவர் பெருங்கடனில் மூழ்கினார்.

1867இல் அவருடைய கடனைத் தீர்க்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டும் முயற்சி ஒன்று எழுந்தது. அதைப் பத்திரிகையில் கண்டதும் அவர் வருந்தி மறுத்துவிட்டார். தாம் பட்ட கடனைத் தாமே தீர்ப்பது என்று உறுதி பூண்டார். 1869இல் தம் அச்சகத்தின் பங்குகளை விற்றார். பிறருக்காகக் கையேந்தத் தயங்காத அவர் தமக்காக ஒரு காசும் பெற இசையவில்லை.

இதே ஆண்டுகளில்தான் பிரான்சில் கடனாளியாகிச் சிறை செல்லும் நிலையில் இருந்த கவிஞர் மைக்கேல் மதுசூதன தத்தரின் கடிதம் வந்தது. 1864இல் வித்யாசாகர் தாமே கடன் வாங்கி 1,500 ரூபாய் அனுப்பி அவர் குடும்பத்தைக் காத்தார். பின்னரும் அனுப்பினார். அந்தப் பணம் திரும்பி வருமா என்று கணக்கிட்டு அவர் அனுப்பவில்லை.

1866ஆம் ஆண்டுப் பஞ்சம்

1865இல் மழை முன்னதாகவே நின்றுவிட்டது. ஒரிசாவிலும் மேதினிபூர்ப் பகுதியிலும் விளைச்சல் பொய்த்தது. தேவை எழுந்தால் வணிகர்களே தானியம் கொண்டுவருவார்கள், அரசு சந்தையில் தலையிடலாகாது என்று ஆட்சியாளர்கள் வாளாவிருந்தனர். நிலைமையின் கொடுமை விளங்கி அரிசி வரவழைக்க முற்பட்டபோது பருவக்காற்றுத் தொடங்கிவிட்டது. ஒரிசாவின் கடற்கரையில் கப்பல்கள் அணைய இயலவில்லை. சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். கையில் காசில்லாதவனின் பசியைச் சந்தை அறியாது. அதை உணராத கொள்கைக்கு நாடு கொடுத்த விலை அது.

வித்யாசாகர் அரசு அலுவலர்களுக்கு எழுதி, சுற்றுவட்டாரத்தில் உணவளிக்கும் நிலையங்கள் திறக்கப்பட வழி செய்தார். அத்துடன் நிற்காமல் பீர்சிங்க கிராமத்தில் தம் செலவிலேயே அன்னசத்திரம் தொடங்கினார். வந்தவர் எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை. பகவதி தேவி முன்னின்று மேற்பார்வை செய்தார். பல மாதங்கள் நாள்தோறும் அரிசியும் பருப்பும் சேர்த்த கிச்சடி கொதித்தது.

அந்தச் சத்திரத்தில் அவர் கவனித்த நுண்மைகள் இன்றும் எண்ணத்தக்கவை.

நாள்தோறும் கிச்சடியே உண்பவர்களின் நாக்கு சலித்துப் போவதை அவர் கண்டார். இலவசமாகக் கிடைக்கும் உணவுக்குச் சுவை எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் சோறும் மீன் குழம்பும் தயிரும் பரிமாற ஏற்பாடு செய்தார்.

உண்ண வந்த பெண்களின் தலைமயிர் எண்ணெயின்றிப் பரட்டையாகக் கிடந்தது. அதைக் கண்டு மனம் கசிந்து, ஒவ்வொருவருக்கும் எண்ணெய் வழங்கச் செய்தார். எண்ணெய் வழங்கியவர்கள் தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்களைத் தீண்ட அஞ்சி, எட்ட நின்று ஊற்றினர். இதைக் கண்ட வித்யாசாகர், சாத்திரங்களைக் கரைத்துக் குடித்த அந்தப் பிராமணப் பண்டிதர், தாமே முன்சென்று அப்பெண்களின் தலையில் தம் கையால் எண்ணெய் தேய்த்துவிட்டார்.

நல்ல நிலையில் வாழ்ந்து நொடித்துப்போன குடும்பத்தினர் சத்திரத்துக்கு வர நாணினர். அவர்கள் வீடுகளுக்குப் பிறர் அறியாதபடி அரிசியும் பருப்பும் போய்ச் சேர்ந்தன.

பசியாற்றுவது மட்டுமே உதவி ஆகிவிடாது. பெறுபவனின் மானம் குறையாமல் கொடுப்பதே உதவி. அனைவருக்கும் ஒரே அளவில் அள்ளிப் போடுவது சமத்துவம் போலத் தோன்றும். எவருக்கு எது குறைவு என்று நின்று பார்ப்பதே நியாயம். பீர்சிங்க கிராமத்துச் சத்திரம் இதைச் செயலில் காட்டியது.

ஒரிசாப் பஞ்சத்தை ஆராய அமைந்த குழு ஆட்சியாளரின் தவறுகளைச் சுட்டிக்காட்டியது. மேலும் பல பஞ்சங்களுக்குப் பிறகே 1880இல் பஞ்சக் குழுவின் அறிக்கையும், 1883இல் பஞ்ச விதிகளும் வந்தன. பசித்த குடிமக்களைக் காப்பது அரசின் கடமை என்பது எழுத்தில் ஏற இத்தனை உயிர்கள் தேவைப்பட்டன.

வழிபாடா, வயிற்றுப்பாடா?

தாய் பகவதி தேவியைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறுவர். ஆண்டுக்கொரு முறை பெரும்பொருள் செலவிட்டு ஜகத்தாத்ரி பூசை நடத்துவது நல்லதா, அப்பொருளைக் கொண்டு ஊரிலுள்ள ஏழைகளுக்கு ஆண்டு முழுவதும் உதவுவது நல்லதா என்று மகன் தாயிடம் கேட்டார். பக்தி மிக்க அந்த அம்மையார் சற்றும் தயங்கவில்லை. ஊர் ஏழைகள் நாள்தோறும் உண்பார்களானால் பூசை வேண்டியதில்லை என்று விடை கூறினார். தாயின் விருப்பப்படியே பீர்சிங்க கிராமத்தில் இலவசப் பள்ளியும் மருந்தகமும் நடந்தன. ஊர் ஏழைகளுக்கு மாத உதவியும் கிடைத்தது.

1869இல் பர்த்வான் பகுதியில் கொள்ளைக் காய்ச்சல் பரவியபோது வித்யாசாகர் அங்கேயே தங்கி மருந்தகம் அமைத்தார். மருந்தும் உணவும் துணியும் சாதி சமய வேறுபாடின்றி வழங்கப்பட்டன. அண்டையிலிருந்த ஏழை முஸ்லிம் குடும்பங்களின் நோயுற்ற குழந்தைகளை அவர் மடியில் வைத்துப் பேணினார்.

ஈகையிலிருந்து ஏற்பாட்டுக்கு

ஒருவர் கையிலிருந்து வரும் ஈகை, அவர் வாழும் வரைதான் நிலைக்கும். இதை உணர்ந்த வித்யாசாகர் 1872இல் நண்பர்களுடன் சேர்ந்து 'இந்து குடும்ப ஆண்டுத்தொகை நிதி' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார். அந்நாளில் சிறு வருவாயுள்ள குடும்பத் தலைவன் இறந்துவிட்டால் மனைவி மக்கள் மறுநாளே தெருவில் நிற்க வேண்டிய நிலை. இந்த நிதியில் சேர்ந்தவர் உயிரோடிருக்கும் காலத்தில் சிறு தொகை செலுத்தி வருவார். அவருக்குப் பின் அவர் குறிப்பிட்ட மனைவிக்கோ பெற்றோருக்கோ பிள்ளைகளுக்கோ மாதந்தோறும் உதவித்தொகை கிடைக்கும்.

இதில் கொடுப்பவர், பெறுபவர் என்னும் ஏற்றத்தாழ்வு இல்லை. பலர் சிறுகச் சேர்த்த பொருள், துன்பம் நேர்ந்த வீட்டுக்குச் செல்கிறது. அந்தக் கைம்பெண் எவர் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. அவள் பெறுவது அவளுக்கு உரியது. கருணையின் அடுத்த படி இதுவே என்று வித்யாசாகர் கண்டுகொண்டார்.

ஆனால் நிதியின் நிர்வாகம் நடந்த விதம் அவருக்கு நிறைவளிக்கவில்லை. ஏழைகளின் சேமிப்பைக் கையாளும் இடத்தில் சிறு பிசகும் பொறுக்கலாகாது என்பது அவர் கொள்கை. தாம் பெற்றெடுத்த அமைப்பிலிருந்தே சில ஆண்டுகளில் மனம் நொந்து விலகினார்.

கசப்பும் கனிவும்

அவர் வாழ்க்கையின் பிற்பகுதியில் கசப்பு மிகுந்திருந்தது. 1866 டிசம்பரில் வண்டி கவிழ்ந்து ஏற்பட்ட காயம் அவர் உடல்நலத்தை நிலையாகக் குலைத்தது. 1869இல் ஒரு மனத்தாங்கலால் பிறந்த ஊரை விட்டு நீங்கியவர், மீண்டும் அங்கே திரும்பவில்லை. 1871இல் தாய் காசியில் காலமானார். ஒரே மகன் நாராயண சந்திரர் கைம்பெண்ணை மணந்தபோது அகமகிழ்ந்த தந்தை, பின்னர் அவர் நடத்தை பிடிக்காமல் 1875இல் எழுதிய உயிலில் அவரை வாரிசுரிமையிலிருந்து விலக்கினார். அதே உயிலில் உறவினர், உறவல்லாதார் எனப் பலருக்கு மாத உதவித்தொகை குறித்தார். பீர்சிங்கப் பள்ளி, மருந்தகம், அவ்வூரின் ஆதரவற்றோர் ஆகியோருக்கும் வழி செய்தார். ஒரு தனிமனிதரின் உயில், ஒரு சிறு அரசின் வரவுசெலவுத் திட்டம் போல் அமைந்திருந்தது.

அவரிடம் உதவி பெற்றவர்களே அவரைத் தூற்றியதும் உண்டு. ஒருவர் தம்மை இகழ்ந்து பேசுவதாகக் கேள்வியுற்றபோது, அவருக்குத் தாம் ஏதும் நன்மை செய்ததாக நினைவில்லையே என்று வித்யாசாகர் வியந்தாராம். நகைச்சுவை போன்ற அச்சொல்லில் ஆழ்ந்த புண் இருந்தது. ஆனால் அந்தப் புண் அவர் கையை மூடச் செய்யவில்லை.

1882 ஆகஸ்டு 5ஆம் நாள் ஸ்ரீராமகிருஷ்ணர் பாதுர்பாகானிலிருந்த அவர் இல்லத்துக்குத் தாமே சென்று சந்தித்தார். உடன் சென்றவர் வித்யாசாகரின் பள்ளியில் பணிபுரிந்த மகேந்திரநாத் குப்தர். சமயச் சடங்குகளிலிருந்தும் தத்துவ வாதங்களிலிருந்தும் ஒதுங்கி நின்ற பண்டிதரை இறையன்பில் திளைத்த ஞானி தேடிச் சென்றார். கடலைக் காண வந்ததாகக் கூறி மகிழ்ந்த அவர், வித்யாசாகரின் தயையையும் பற்றற்ற தொண்டையும் மனமாரப் பாராட்டினார்.

கர்மாட்டாரின் சோளம்

1870களில், இன்று ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள கர்மாட்டார் என்னுமிடத்தில் வித்யாசாகர் ஒரு வீடு வாங்கினார். நகரத்தின் இரைச்சலையும் நன்றியின்மையையும் விட்டு விலகி, சந்தால் பழங்குடி மக்களிடையே அவர் அமைதி கண்டார்.

ஒருமுறை அங்கே தங்கிய அறிஞர் ஹரபிரசாத் சாஸ்திரி தாம் கண்டதை எழுதியிருக்கிறார். காலையில் சந்தால்கள் ஒவ்வொருவராகச் சோளக் கதிர்களைக் கொண்டுவந்து விலை சொல்வார்கள். வித்யாசாகர் பேரம் பேசாமல், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி அலமாரித் தட்டுகளில் அடுக்கி வைப்பார். வீட்டிலோ உண்பவர் சிலரே. இவ்வளவு சோளம் எதற்கு என்று சாஸ்திரிக்கு விளங்கவில்லை. மாலையில் வேலை முடிந்து பசியோடு வந்த சந்தால்கள் உணவு கேட்டனர். வித்யாசாகர் அலமாரியிலிருந்த கதிர்களை எடுத்து அவர்களுக்கே வழங்கினார். அவர்கள் இலைச்சருகுகளைக் கூட்டித் தீ மூட்டி, சோளத்தைச் சுட்டு உண்டு மகிழ்ந்தனர்.

இடையில் ஒரு பொழுது வித்யாசாகரைக் காணவில்லை. வயல் வரப்புகளின் வழியே வியர்வை வழிய விரைந்து வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சிறு கற்கிண்ணம். தொலைவிலிருந்த குடிசையில் நோயுற்றுக் கிடந்த ஒரு சிறுவனுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார்.

காலையில் உழைப்புக்கு உரிய விலை. மாலையில் பசிக்கு உரிய உணவு. விலையில் குறைத்து வாங்கிவிட்டு, அவ்வாறு மிச்சப்பட்டதிலிருந்து தருமம் செய்வோர் உலகில் பலர். வித்யாசாகர் முதலில் நியாயம் செய்தார். பிறகு கருணை காட்டினார். ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தட்டிக் கழிக்கவில்லை.

1891 ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் அவர் மறைந்தார். கர்மாட்டார் இரயில் நிலையம் பிற்காலத்தில் அவர் பெயரால் 'வித்யாசாகர்' என்று வழங்கலாயிற்று.

அவர் நில உடைமை முறையை மாற்றியவர் அல்லர். அரசியல் இயக்கம் நடத்தியவரும் அல்லர். தனி ஒருவராக நின்று தாங்க முயன்றதில் பல இடங்களில் இடறினார். ஆனால் செல்வம் ஓரிடத்தில் குவிந்து மற்றோரிடத்தில் வறள்வதைக் கண்டு வாளாவிருக்க அவரால் இயலவில்லை. உதவி என்பது கொடுப்பவரின் பெருமைக்காக அன்று, பெறுபவரின் வாழ்வுக்காக என்பதை அவர் கைகள் அறிந்திருந்தன. கொடுத்ததுடன் நாளைக்கும் வழி சொன்ன பொரிக் கடைப் பெண்மணியின் பெயரை எவரும் அறியார். அவள் டாகுர்தாஸுக்கு ஊட்டிய ஒரு வேளை உணவு, பஞ்சத்தில் ஆயிரமாயிரம் பேருக்கு அன்னமாயிற்று. இன்று நாம் ஒருவர்க்கு ஒரு பிடி அளிக்கும்போது, அவர் தலையில் எண்ணெய் இருக்கிறதா என்றும் ஒரு கணம் நின்று பார்ப்போமாக.